பரிசத்துக்கு நின்ற கார்

அந்தக் கார் என்ன கம்பெனிக் கார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு முறை ஒரு கல்யாண வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பழைய கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு மனிதர் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, கதவு கிடைக்குமா, சக்கரம் கிடைக்குமா என்று பாயசம் வரும் வரை என்னை விடவில்லை. அதனால் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தலைக்கு மேல் துணிக் கூரை போட்ட, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முன்விளக்கு இரண்டும் மேலே பிதுங்கிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் அதற்குத் தவளைக் கார் என்று பேர்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைத் தாண்டி, மரம் ஏற்றுகிற லாரிக்காகக் காட்டிலாகாக்காரர்கள் போட்ட மண் ரோட்டின் ஓரத்தில் இருந்தது எங்கள் ஊர். ஊர் என்றால் பதினைந்து இருபது வீடு. சாமை, கேழ்வரகு, கொஞ்சம் ஆடு, வீட்டுக்கு வீடு புளியமரம். எழுபதுகளின் கடைசியில் அங்கே சைக்கிள் வைத்திருந்தவரே ஒருவர்தான். அவரும் ஏற்றத்தில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருவார். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல முடியும். ஓடி நான் பார்த்ததே இல்லை.

அதைக் கொண்டுவந்தவர் என் அம்மாவின் தம்பி. எனக்கு மாமா. சின்ன வயதிலேயே மலையை விட்டு இறங்கி, திருப்பத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் தங்கவயல் பக்கம் ஒரு சுரங்க எஞ்சினியருக்கு டிரைவரானார். அந்த எஞ்சினியர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகிற அவசரத்தில் காரை மாமாவிடமே கொடுத்துவிட்டார். "நீதாம்பா இத்தினி நாளா இத பாத்துக்கினு இருந்த, நீயே வெச்சுக்கோ" என்று தோளில் தட்டினாராம். மாமா சொன்னதுதான் இது. அந்த எஞ்சினியர் எங்கள் மலைப் பேச்சை எங்கே கற்றார் என்று யாரும் கேட்கவில்லை.

காரிலேயே மலையேறி வந்து ஊரை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பாதி ஏற்றத்தில் கார் கொதித்து ஆவி விட்டது. மாமா பதறிப்போய் ஓடைத் தண்ணீரை மொண்டுவந்து, சூடாக இருந்த எஞ்சின் மேலேயே ஊற்றிவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் அத்தனை வருஷம் இருந்தவர் செய்கிற வேலையா அது? கேட்டால், "அவசரத்துல கை முந்திக்கிச்சு" என்பார். எஞ்சினின் மேல்பாகம் விரிசல் விட்டுவிட்டது. அதற்கப்புறம் இரண்டு ஜோடி எருதுகள் பூட்டித்தான் அந்தக் காரை ஊருக்கு இழுத்துவந்தார்கள். ஊர் வாய் பிளந்தது, அதில் குறைவில்லை.

மாமா தன் ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் கட்டுவார்கள். தானியம், ஆடு, துணி, கையில் கொஞ்சம் ரொக்கம். அது முடியாதவன் பெண் வீட்டிலேயே வந்து தங்கி, அவர்கள் நிலத்தில் உழைத்துக் கழிக்கலாம். என் அம்மா அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டபோதே, பதிலுக்கு அப்பாவின் தங்கையை மாமாவுக்குக் கொடுப்பது என்று பேசிவைத்துவிட்டார்கள். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அப்போது பாவாடை கட்டிக்கொண்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

ஆக, மாமா வந்தது பரிசத்துக்கு உழைக்க. ஆனால் வாசலில் கார் நிற்கும்போது கலப்பை பிடிக்க மனசு வருமா? "பரிசம் இதோ நிக்குது பாருங்க" என்று காரைக் காட்டுவார். விற்றால் பரிசம். பரிசம் கட்டினால் வருகிற தையில் கல்யாணம். எல்லாருக்கும் புரிகிற கணக்குத்தான். மாமாவுக்குத்தான் விற்க மனசில்லை. காரைச் சரி பண்ண வேண்டும், அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலையில் நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றிலும் ஊர்வலம் வர வேண்டும், பிறகு அதை ஓட்டியே பிழைக்க வேண்டும் என்பார்.

"ஒக்கார்றதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் நீ. அப்பறம் யார ஏத்திப் பொழைக்கப் போற?" என்று அப்பா கேட்பார்.

மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் பானெட்டைத் திறந்து உள்ளே பார்ப்பார்.

காலையில் பல் விளக்கும்போது "வித்துடலாம்னு இருக்கறேன்" என்பார். அம்மாவுக்கு முகம் மலரும், அன்றைக்குக் களியோடு மொச்சைக் குழம்பு கிடைக்கும். சாயங்காலம் காரைத் துணியால் துடைத்துவிட்டு வந்து, "இல்ல, சரி பண்ணிடலாம்" என்பார். அம்மா சட்டியை ணங்கென்று வைப்பாள். மூன்று வருஷமாக இதே பாட்டு. மாமா ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காருவார், எழுந்து காரைச் சுற்றுவார், டயரை உதைப்பார், திரும்ப வந்து உட்காருவார். நானும் கால் தரையில் பாவாத பிள்ளை என்று பேர் வாங்கியவள்தான். அதனால் அவர் பின்னாலேயே சுற்றுவேன். எங்களைப் பார்த்தாலே தனக்குத் தலை சுற்றுகிறது என்று அப்பா சொல்வார்.

கார் அதுபாட்டுக்கு வீட்டோடு ஒன்றிவிட்டது. வெயிலில் பானெட் நன்றாகச் சுடும், அதன் மேல் சாமை காயப்போடுவோம். பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் புளி மூட்டை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் ஏறி ஸ்டீரிங்கைத் திருப்பியிருக்கிறோம். அம்மாகூட ஒரு நாள் யாருமில்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடியில் முகம் பார்த்தாள். உட்காராதவள் அத்தை ஒருத்திதான். "அவளுக்கு வெக்கம். தாலி ஏறுன அன்னிக்குத்தான் ஏறுவா" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அத்தையோ, அவளுடைய சீட்டு என்று மாமா சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், வைக்கோலைப் பரப்பி, கோழியை அடை வைத்தாள்.

மாமா கத்தினார். அத்தை நின்று நிதானமாகச் சொன்னாள்: "கோழிக்கு அந்த எடந்தான் புடிச்சிருக்குது. அதுக்கு நா இன்னா பண்றது?"

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயதிருக்கும். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். புளியமரத்தின் நுனிக்கிளை வரை ஏறி உலுக்குவாள். புதூர்நாட்டில் பள்ளிக்கூட விடுதிக்குச் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ஒரு தடவை அப்பாவிடம் சொன்னாள். "கல்யாணம் ஆவப்போற பொண்ணு, ஊரான் புள்ளைங்களுக்குப் பொங்கிப் போடப் போறியா?" என்று அப்பா முடித்துவிட்டார். அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைப் பக்கம் போய்விட்டாள். போனவள் திரும்பிவர ரொம்ப நேரமாயிற்று. நல்ல இடமாகப் பார்த்துக் குடத்தை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசியிருப்பாள் என்று அம்மா திட்டினாள்.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் பாய் வந்தார். திருப்பத்தூரில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். மரம் ஏற்றுகிற லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, குதித்து இறங்கி, காரைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டார். கதவைத் திறந்தார், மூடினார், கீழே குனிந்து படுத்துப் பார்த்தார். கோழி அவர் கையைக் கொத்தியது. மெட்ராசில் யாரோ பணக்காரர் இப்படி ஒரு காரைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். அவர் சொன்ன விலையைக் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பரிசம் கட்டி, விருந்து போட்டு, மேற்கொண்டு இரண்டு மாடும் வாங்கலாம் என்று அவள் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒடனே சொல்லணும்னு இல்ல தம்பி" என்றார் பாய். "ஞாயித்துக்கெழம லாரியோட வர்றேன். ஆனா அதுக்கு மேல நம்மால ஆவாது. மழ எறங்கிட்டா இந்த ரோட்ல காலி லாரியே ஏறாது, கார வெச்சுக்கினு எப்டி எறங்கறது? வெயில் காயட்டும்னு இருந்தா, அந்தப் பெரிய மன்சன் வேற கார் வாங்கிடுவாரு."

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா ராப்பகலாக நடந்தார். ஒரு நாள் காரைத் தடவிக்கொண்டே அழுதார், நான் பார்த்தேன். அப்பா வயலுக்குப் போவார், பாதியில் திரும்பிவருவார், "முடிவு பண்ணிட்டானா?" என்று கேட்பார், இல்லை என்றதும் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து திரும்பிப் போவார். மேகம் கூடிக்கூடிக் கலைந்தது. வானத்தைப் பார்ப்பதும் மாமாவைப் பார்ப்பதுமாக இருந்தாள் அம்மா. எனக்கோ பரபரப்புத் தாங்கவில்லை. கல்யாணம் என்றால் புதுப் பாவாடை, கார் என்றால் ஊர்வலம். இரண்டில் எது வேண்டும் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை மாமா கடைசியாக ஒரு முறை எஞ்சினின் விரிசல் விட்ட பாகத்துக்கு மாற்றுச் சாமான் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று திருப்பத்தூருக்குக் கிளம்பினார். அம்மா அந்த நேரத்துக்காகவே காத்திருந்தாள். பாய் வந்து பார்க்கும்போது கார் பளபளவென்று இருந்தால் பேச்சு மாறாமல் வாங்கிக்கொண்டு போவார், மாமாவுக்கும் வேறு வழி இருக்காது என்பது அவள் யோசனை. ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டாள். ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒரு பெரிய சட்டியில் புளியைக் கரைத்தார்கள். கல் உப்பு அள்ளிப் போட்டார்கள். செங்கல்லை நுணுக்கிக் கொண்டுவந்தார்கள். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். காளியம்மன் கோயில் விளக்கையும் சீர்க் குடத்தையும் அப்படித்தான் தேய்ப்போம். தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னும். காரும் இரும்பும் பித்தளையுமான சாமான்தானே என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஒரு முன்விளக்கைத் தேய்த்தேன்.

அத்தனை பேரிலும் அதிகமாகத் தேய்த்தவள் அத்தை. அவள் எதிலும் முந்துகிறவள் இல்லை. அன்றைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செங்கல் பொடியைக் கை நிறைய எடுத்து, பானெட்டை அப்படித் தேய்த்தாள். மூச்சு வாங்கியது, நெற்றி வியர்வை கழுத்து வரை இறங்கியது, நிறுத்தவில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாடி, வாயத் தொறந்து சொல்லாட்டியும் அவளுக்கும் கல்யாணத்துல ஆச இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். எல்லாரும் அத்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஈரமாக இருந்த வரைக்கும் கார் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் வெயிலில் காய்ந்தபோது பார்த்தால் சிவப்பு போய், வெளுத்துப்போய், உடம்பெல்லாம் கீறல். வெள்ளியாக மினுங்கிக்கொண்டிருந்த பம்பரில் புள்ளி புள்ளியாகத் துரு எட்டிப் பார்த்தது. மத்தியானம் மாமா வந்தார். கையிலிருந்த பையைக் கீழே போட்டார். காரைச் சுற்றிவந்தார். பிறகு, அந்த நிற்காத மனிதர், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பித்தளக் கொடத்துக்குத் தேய்க்கறத கொண்டாந்து பெயிண்டுக்குத் தேய்ப்பாங்களாக்கா?" என்றார். 

"சாமி வெளக்குக்கு ஆவுது, ஒன் காருக்கு ஆவாதா?" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

இந்தக் கோலத்தில் பார்த்தால் பாய் வாங்குவாரா என்பது ஒரு பக்கம். இப்படிப் பாழாக்கப்பட்ட காரை விற்றுத் தலைமுழுகுவதா, இல்லை, இதற்காகவாவது சரி பண்ணி நிமிர்த்தி வைப்பதா என்று மாமாவுக்குப் புதிதாக ஒரு வேதனை வந்துவிட்டது. "வித்துடறேன்" என்றார். நாலு எட்டு நடந்தார். "வுட மாட்டேன்" என்றார். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒன்னால ஆவாது, என்னாலயும் ஆவாது. நாளைக்கு அம்மன் கிட்ட பூ வெச்சுக் கேட்டுடலாம். அது இன்னா சொல்லுதோ அதான்" என்றார். மாமா மறுக்கவில்லை. யாராவது முடிவு செய்தால் போதும் என்று ஆகியிருந்தது அவருக்கு.

பூ கேட்பது எங்கள் ஊரில் பெரிய காரியத்துக்கெல்லாம் உள்ளதுதான். இரண்டு இலையில் இரண்டு நிறப் பூவை வைத்துப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கும். வந்த பூ அம்மன் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மன் வார்த்தையைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்படியே கொண்டுபோய்ச் சுனையில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது கல்யாணமாகாத பெண்.

எங்கள் வீட்டில் கல்யாணமாகாத பெண் அத்தைதான்.

சனிக்கிழமை காலையில் கோயில் மரத்தடியில் பாதி ஊர் கூடிவிட்டது. ஊர்க்கவுண்டர் கணக்கை உரக்கச் சொன்னார். வெள்ளரளி வந்தால் காரை விற்பது, பரிசம் கட்டுவது, தையில் கல்யாணம். செவ்வரளி வந்தால் காரை விற்பதில்லை, மாமா அதைச் சரி பண்ணுகிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. சொல்லி முடித்துவிட்டு, இரண்டு நிறத்திலும் கை நிறையப் பூவையும் மந்தாரை இலையையும் அத்தையிடம் கொடுத்தார். அவள் கோயிலுக்குப் பின்னால் கட்டப் போனாள். அவள் போகும்போது கூட்டத்தில் ஒருவர், "பாத்து கவுண்டரே, ரெண்டுத்துலயும் வெள்ளய வெச்சுக் கட்டிடப் போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

என்னை முன்னால் நிறுத்தினார்கள். நாலாம் வகுப்புப் படிக்கிற என்னை விவரம் தெரியாத பிள்ளை என்று சொன்னதே எனக்குக் கோபம்.  அத்தை வந்து இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஒதுங்கிப்போனாள். புதுப் பாவாடையா, ஊர்வலமா? இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். கவுண்டர் வாங்கி நாரைப் பிரித்தார்.

செவ்வரளி.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெண்கள் எல்லாரும் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆத்தா மனசு எளகலியே" என்று ஒருத்தி அவள் தலையைத் தடவினாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மாமா மட்டும் மூன்று வருஷத்துப் பாரத்தை இறக்கிவைத்தவராக அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மறுநாள் பாய் லாரியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். காரின் கோலத்தையும் பார்த்தார். "சாமி சொன்னப்பறம் நாம இன்னா சொல்றது" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு இரண்டு மூட்டை புளி வாங்கி ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

மாமா காரைச் சரி பண்ணவே இல்லை. மெட்ராசிலிருந்து எப்படியோ தருவித்த சாமான் அளவு பொருந்தவில்லை. இன்னொன்று வருவதற்குள் டயர் நாலும் வெடித்துவிட்டன. இரண்டு மழைக்காலம் போன பிறகு, வேலூரில் லாரி ஓட்டுகிற வேலை கிடைத்து மலையை விட்டு இறங்கினார். அங்கேயே ஒரு பெண்ணையும் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். அங்கே அவரிடம் பரிசம் கேட்க ஆளில்லை. தவளைக் கார் துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போயிற்று. ஒரு கதவை மட்டும் அப்பா எங்கள் ஆட்டுப்பட்டிக்கு வைத்துக்கொண்டார். ரொம்ப வருஷம் நன்றாகத் திறந்து மூடியது.

என் அத்தை விடுதிச் சமையலுக்குப் போனாள். இந்தத் தடவை அப்பா மறுக்கவில்லை. தங்கையின் வாழ்க்கையைக் காருக்குக் கொடுத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வில், அவள் என்ன கேட்டாலும் சரி என்பார். அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால், "எனக்குத்தான் அம்மன் உத்தரவு குடுக்கலியே" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொல்வாள். எதிரில் இருப்பவர் உச்சுக்கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். கார்க்காரனை நினைத்துக்கொண்டே ஒண்டிக்கட்டையாக நின்றுவிட்டாள் என்று ஊரில் இன்னும் ஒரு கதை உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அத்தை நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டு, அதட்டி உருட்டி, தன் சம்பளத்தில் தனக்குப் பிடித்த சேலை வாங்கிக் கட்டி, திருப்பத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் தானே பஸ் ஏறிப் போய்வந்து கொண்டிருந்தாள். நினைத்து ஏங்கியவளின் முகமா அது?

ஆனால் பூ கேட்ட அந்தச் சனிக்கிழமை இந்த எரிச்சல் எனக்கு வரவில்லை. அன்றைக்கு நடந்ததில் கடைசித் துண்டு ஒன்று இருக்கிறது.

எடுக்காத பொட்டலத்தைச் சுனையில் விடும் வேலையும் பூ எடுத்த பிள்ளைக்குத்தான். கவுண்டர் என் கையில் கொடுத்து, "பிரிக்கக் கூடாது, கண்ணு" என்று சொல்லியனுப்பினார். பிரிக்கக் கூடாது என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த நினைப்பே வந்திருக்காது. சுனை வரைக்கும்கூடக் கை பொறுக்கவில்லை. பாறை மறைவில் நின்று நாரை இழுத்தேன்.

அதிலும் செவ்வரளி.

அங்கிருந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். எல்லாரும் இன்னும் கோயிலடியில்தான் இருந்தார்கள். அத்தை மட்டும் கூட்டத்திலிருந்து நழுவி வந்து, கார் நின்ற கொட்டகையில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். இலையை விரித்துக் காட்டினேன். "அத்தே, இதுலயும் செவப்புதான் இருக்குது" என்றேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

 அந்தப் பூவை எடுத்து என் சடையில் செருகினாள்.  "சொல்லாத" என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் அதைச் செய்தாள். காரின் கதவைத் திறந்தாள். கோழி இருந்த பக்கத்துக் கதவில்லை, மற்றப் பக்கம். மாமா உட்காருகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தாள். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அந்தக் காரில் ஏறினாள்.

"நீயும் ஏறுடி" என்றாள். கோழியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நானும் ஒண்டிக்கொண்டேன். "எங்க போலாம் சொல்லு."

"திருப்பத்தூருக்கு."

"அதுக்கும் அந்தாண்ட போலாம்" என்று ஸ்டீரிங்கைத் திருப்பினாள். வாயால் ஹாரன் அடித்தாள். சிரித்தாள். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமலே வளைவில் வளைத்து வளைத்து ஓட்டினாள். கோழி சிறகை அடித்துக்கொண்டு கத்தியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மாமா மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தால், அவருடைய காரைக் காப்பாற்றுவதற்காகத் தன் கல்யாணம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று அம்மனையே ஏமாற்றியிருப்பாள்? அவளை நினைக்க எனக்கு அழுகை முட்டியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வகையில் ஆறுதல் சொன்னேன்:

"நீ கவலப்படாத அத்தே. மாமா ராத்திரி பகலா ஒழச்சு எப்டியும் தைக்குள்ள கார சரி பண்ணிடும். ஒனக்குக் கல்யாணம் ஆய்டும்."

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைத் தூக்கி, உள்ளே விரிசல் விட்டுக் கிடந்த எஞ்சினை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பேச்சுத்தானே பேசினோம், இவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நான் கோழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.